பற்று, வரவு

பதினொரு வருஷமாக வணிகவியல் நடத்துகிறேன்.
ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை.
நான் சொல்லாமலே
பிளஸ் ஒன் பி பிரிவுக்கு இது தெரிந்திருந்தது.

திங்கள்சந்தையில் ஆனி மழை
குடை விரிக்க நேரம் தராது.
அபிஷேக்கின் பைக்குள் ஒருநாள்
இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும்
ஒன்றோடொன்று கரைந்து
முதல்முறையாகச் சமமாகியிருந்தன.
வகுப்பே சிரித்தது.
மெர்லின் ஷைபா மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:
"டீச்சர், பிளெக்ஸ் நனையாதுல்லா?"

அடுத்த வாரம் லேபில் காலை வைக்க இடமில்லை.
கோயில் கொடை, குருசடித் திருவிழா,
பூப்புனித நீராட்டு,
தோற்றவர், ஜெயித்தவர்,
கண்ணீர் அஞ்சலிகள்.
எல்லோரும் சுருண்டு கிடந்தார்கள்.
முகம் உள்ளே, வெள்ளை வெளியே,
ஓரத்தில் எலாஸ்டிக்.
புத்தகப் பைக்கு மழையுறை.

சீட்டுப் பணத்தில் ஆயிரத்து எண்ணூறு எடுத்துக் கொடுத்தேன்.
"இது கடனா, மூலதனமா?" என்று
என்னிடமே கேட்டார்கள்.
கடன் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

எலாஸ்டிக் ஆறு. நூல் இரண்டு.
தையல் ஷாஹிதாவின் அம்மா.
"அம்மாவுக்குமா கூலி?" என்றான் ஒருவன்.
ஷாஹிதா பேனாவை மூடவில்லை.
"பத்து" என்று எழுதினாள்,
அடியில் கோடும் போட்டாள்.
பாடத்தில் அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் உண்டு.
அன்று நான் அதைச் சொல்லவில்லை.

விளம்பரம் என் பொறுப்பு.
பன்னிரண்டு வரியில் நோட்டீஸ் எழுதினேன்,
'மாணவ தொழில்முனைவோர்' என்று தொடங்கி.
யாரும் வாசிக்கவில்லை.
அவர்கள் ஓர் உறையை
குளச்சல் பஸ் கண்டக்டரின் டிக்கெட் பைக்குப்
போட்டுவிட்டார்கள், இலவசமாய்.
மூன்றாம் நாள், ஆழ்வார்கோயில் வளைவில்,
ஃபுட்போர்டில் நின்று அவரே கத்தினார்:
"நனையாது! நனையாது!"
பெயர் அதுவே ஆயிற்று.

திங்கள்கிழமை. சந்தைக்கு வெளியே மேசை.
சாளைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு
ஒரு பெண் வந்தார்.
மகளுக்கு என்றார். எட்டாம் வகுப்பு.
தையல் பார்க்க உறையைப் புரட்டினார்.

பாதி நெற்றி, ஒரு கண், மீசையின் ஓரம்.
'கண்ணீர் அஞ்ச' வரை எழுத்து.
மிச்சம் யார் பையிலோ.

அபிஷேக், எங்களில் வாய் வல்லவன்,
எதையும் விற்பவன்,
தரையைப் பார்த்தான்.

"மூணு மாசம் முக்குல நின்னாரு" என்றார் அவர்.
"நாங்கதான் கழற்றிப் போட்டது."
விரலால் ஒருமுறை தடவினார்,
தையலையா, மீசையையா, தெரியவில்லை.
பிறகு நிமிர்ந்து:
"நாப்பதெல்லாம் இல்ல. முப்பத்தஞ்சு."

அபிஷேக் எதிர்விலை சொல்லவில்லை.
வேறு உறை எடுத்து நீட்டினாள் ஷைபா.
வேண்டாம் என்று தலையசைத்தார்.
இரண்டு இருபது ரூபாய்த் தாள்கள், மீன் ஈரத்தோடு.
மீதி ஐந்து ரூபாய்க்குக்
கையை நீட்டியபடியே நின்றார்.
வாங்கிக்கொண்டுதான் கூடையைத் தூக்கினார்.

சாயங்காலம் பேரேட்டில் சண்டை.
ஐந்து ரூபாய் தள்ளுபடியா, நஷ்டமா?
பெறுபவர் பற்று, தருபவர் வரவு;
பதினொரு வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன்.
பற்று என்ற சொல்லை அன்றுதான்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"டீச்சர், சொல்லுங்க."
தள்ளுபடி என்றேன்.

அன்று பதினேழு போனது.
என் கடனில் இருநூறு தீர்ந்தது, ரசீதோடு.

இன்று மறுபடி திங்கள்.
ஷைபா ஓர் உறையை என் கையில் திணித்துவிட்டுச்
சற்றுத் தள்ளிப்போய் நிற்கிறாள்.
"விலை முதல்ல சொல்லாதீங்க டீச்சர்.
பேரை மட்டும் சொல்லுங்க. சத்தமா."

இரணியல் பஸ் வந்து நிற்கிறது.
முப்பது ஜன்னல்.
தொண்டை வறண்டு கிடக்கிறது எனக்கு,
இவ்வளவு மழையில்.