துளை எண் நூற்றைந்து

மொறினி. மூன்றரை.
எழுபத்தாறில் செய்தது.
நாவாந்துறையில் பழைய இரும்பு வாங்குகிற கடையில்
தாங்கி நிறைய எறும்போடு கிடந்தது.
நிறுத்துத்தான் விலை சொன்னார்கள்.
நான் மருந்துக்கடைக்காரி,
நிறையைப் பற்றி என்னோடு பேசக்கூடாது.
தராசில் கல்லொன்று குறைவதைக் காட்டினேன்.
வள்ளத்து எஞ்சின் பூட்டுகிற பெலிசியன்
தன் லான்ட்மாஸ்ரரில் ஏற்றிவந்து
பாசையூர் வீட்டுப் பின்விறாந்தையில் இறக்கினான்.

பகலில் நான் தேய்த்த இடங்களை
இரவில் கடற்காற்று வந்து நக்கிவிட்டுப் போகும்.
முன் சிலிண்டரின் திருகாணிகள் ஒரு சிறட்டையில்,
பின்னதன் திருகாணிகள் இன்னொன்றில்.
சாப்பாட்டு மேசை மொறினிக்குப் போய்விட
நானும் யூட்டும் நாலு நாள்
குசினி வாசலில் குந்தியிருந்து சாப்பிட்டோம்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலிருப்பதைச் சத்தமாகச் செய்தான்.

உதைகோல் இடப்பக்கம், கியர் வலப்பக்கம்.
என் கால்களுக்குத் தெரிந்ததெல்லாம்
கண்ணாடிக்குள் இருந்தன.
பதினேழாம் உதைக்குப் பிடித்தது.
கறுப்புப் புகை. கொடியில் காய்ந்த வெள்ளைச் சேட்டு
திரும்பவும் தோய்க்கப் போனது.
பிளக் இரண்டிலும் அடுப்புக்கரி.
பெலிசியன் காதைச் சாய்த்துக் கேட்டான்.
"பசியில்லாததுக்குத் திணிச்சு ஊட்டுறாய்" என்றான்.

எமல்டா பலெர்மோவில் நாலு வீடு துடைக்கிறாள்.
கைநூலைப் படமெடுத்து அனுப்ப
பஸ்ஸில் நின்றபடியே வாசித்துச் சொன்னாள்:
"ஜெத்தோ மாஸ்ஸிமோ. நூற்றைந்து.
ஜெத்தோ எண்டா வீசுறது, அக்கா,
பல்கனியிலை நிண்டு வாளித்தண்ணி வீசுறமாதிரி."
காபரேற்றரைக் கழற்றினேன்.
பித்தளைத் துளைத்தலையில் எழுதியிருந்ததும்
நூற்றைந்துதான்.

எண் சரியென்றால் எங்கே பிழை?
இரண்டு கிழமை மிதவையைச் சந்தேகித்தேன்,
பெற்றோல் ஊற்றிய பையனைச் சந்தேகித்தேன்.
பிறகொரு போயா நாள், கடை பூட்டு.
ஊசிப்பெட்டியை எடுத்து வந்தேன்.
நூற்றைந்து என்றால் ஒரு மில்லிமீற்றரும்
கொஞ்சத்திலும் கொஞ்சமும்.
பச்சைத்தலை ஊசி போகும், போனது.
ரோசாத்தலை ஊசி போகவே கூடாது.
போனது.
போய், உள்ளே ஆடியது.

யாரோ துளைத்திருக்கிறார்கள்.
சிலிண்டர் தலையைத் தூக்கினேன்.
ஒரு காஸ்கற் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு.
இரண்டாவது, பால்மாப் பேணித் தகரத்தில் வெட்டியது.
விளிம்பைத் தடவினேன். ஒரு பிசிறில்லை.

அப்போதுதான் மணந்தது,
முப்பது வருடம் கழித்து, மெல்லிசாக,
மண்ணெண்ணெய்.

பெற்றோல் வராத காலத்து வேலை.
சொட்டுப் பெற்றோல் மூக்கில் விட்டு உசுப்பி
மிச்சத் தூரம் குப்பிவிளக்கு எண்ணெயில் ஓட
இந்த இயந்திரத்தைக் கெஞ்சி இணங்கவைத்த கை.
கெடுத்த கை என்று
இவ்வளவு நாளும் நான் ஏசிய கை.
பின் சிலிண்டரின் துளை சற்றுக் கோணல்.
முன்னதன் துளை நேர்.
பின்னதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும்.
அல்லது முதலில் முன்னதைச் செய்து
பின்னதுக்கு வர விளக்கில் எண்ணெய் முடிந்ததோ.
ஆணோ பெண்ணோ,
எங்கே போக இவ்வளவு அவசரமோ,
யாரைப் பின்னால் ஏற்றியோ.
பித்தளை அதைச் சொல்லாது.

புதுத் துளைத்தலை இரண்டு
பனெத்தோனேப் பெட்டிக்குள், கேக்கின் வயிற்றில்
ஒளித்து வந்தன.
சுங்கத்தில் யாரும் கேக்கை வெட்டுவதில்லை என்று
எமல்டாவின் நம்பிக்கை.
பூட்டினேன். மூன்றாம் உதை.
புகையில்லை.
கொழும்புத்துறை வீதியால் துண்டிவரை போய்
ஐந்தாம் கியரை ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பினேன்.
நிறுத்துகையில் வலக்கால் பிரேக்கென்று கியரை மிதிக்க
மதிலோடு போய் நின்றது.
யூட் இதற்குத்தான் காத்திருந்தவன்போலச் சிரித்தான்.

பழைய இரண்டையும் எறிய எடுத்தேன்.
இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஞாபகம் வந்தது,
செற்றுக்கு முன்னால் பாய்போட்டுப் படுத்த
மூன்று இரவுகள்.
கடையிலிருந்து மாத்திரை உறையொன்று எடுத்து
உள்ளே போட்டு
காலை, மதியம், இரவு மூன்றையும் வெட்டிவிட்டு
எழுதினேன்: தேவைப்படும்போது.

எண்ணெய் இன்னும் ஒழுகுகிறது,
இடப்பக்க மூடியில், நாளுக்கு ஏழெட்டுச் சொட்டு.
நாளை அதைப் பார்க்கவேண்டும்.