நீக்கப்பட்ட சொல்

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது.
கேள்வி நேரம் பாதியில்தான் நுழைந்தேன்.

'எங்கள் தண்ணீர் நாறுது' என்றேன்.
அமைச்சர் எழுந்தார்:
கருத்துரு பரிசீலனையில் உள்ளது.

துணைக்கேள்வி கேட்டேன்.
அதே நகரம், அதே வரி.
அடையாற்றில் குழாயில் வருவது
எழில் நகருக்கு மட்டும்
ஏன் லாரி ஏறி வரணும்,
அதுவும் ரெஜினா லீவு போட்டுக் காத்திருக்கிற நாளாகப் பார்த்து
வராமல் போகணும்?

எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்.
பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.
மூடியைக்கூடத் திறக்கவில்லை.
அனுமதியில்லை என்றார் பேரவைத் தலைவர்.
'நாறுது' அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.

சரி.
ராத்திரி ரெண்டு மணிக்கு
எங்கள் தெரு அடிபம்பில்
நாலு அடி வெறுங்காற்று.
ஐந்தாவது அடியில்
நீக்கிய சொல்
மஞ்சளாக வந்து
குடத்தில் விழுந்தது.