பதினோரு தடவை

இன்று காலையிலிருந்து என் புருஷன்
பதினோரு தடவை செத்துப்போனார்.

விளமல் மருத்துவக் கல்லூரி, முதல் மாடி, நான்காம் அறை.
வியாழக்கிழமைதோறும் நான் நோயாளி.
நானூறு ரூபாய், டீ, இரண்டு வடை.
போன வாரம் சர்க்கரை.
அதற்கு முந்தின வாரம் மார்பில் கட்டி.
இந்த வாரம் எனக்கு ஒன்றுமில்லை.
அட்டையில் இருந்தது இவ்வளவுதான்:
மங்கையர்க்கரசி, நாற்பத்தெட்டு.
கணவர் ராமையன், லாரி டிரைவர், நெஞ்சுவலி.
நான்கு பத்துக்கு உயிர் பிரிந்தது.
உங்களுக்கு இன்னும் தெரியாது.

தெரியாமல் இருப்பதுதான் வேலை.
கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும்
தெரியாத முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் பெண் நின்றபடியே சொன்னாள்,
ரேஷன் கடையில் வரிசை எண் கூப்பிடுவதுபோல.
இரண்டாவது பையன் ‘எக்ஸ்பயர் ஆயிட்டார்’ என்றான்.
மாத்திரை அட்டையின் ஓரம்தான் ஞாபகம் வந்தது.
மூன்றாவது பிள்ளை ‘போயிட்டாரும்மா’ என்றது.
அப்படிச் சொன்னால் இப்படிக் கேளுங்கள் என்று
எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.
‘எங்க? ஸ்கேனுக்கா?’
பாவம், அது கதவைத் திரும்பிப் பார்த்தது.

தவறிட்டார். காலமாயிட்டார். நம்மள விட்டுட்டு.
எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்.
எத்தனை சொல் வைத்திருக்கிறோம்
ஒரு சொல்லைச் சொல்லாமல் இருக்க.
நான் மட்டும் என்னவாம்.
பிளவுஸைத் தப்பாக வெட்டிவிட்டால்
‘நாளைக்கு வாங்க’ என்றுதானே சொல்கிறேன் கடையில்.

அழுகையை நாலு பேர்வரை நானே வரவழைத்தேன்.
அப்புறம் அதுவே வந்தது.
எட்டாவதில், முறைத் தண்ணீர் நின்ற வாய்க்கால்.

ஒன்பதாவது ரிஃபாய். அதிராம்பட்டினமாம்.
நாற்காலியை இழுத்தான், கிறீச்சென்றது,
‘சாரி’ என்றான்,
நாற்காலியிடமா என்னிடமா தெரியவில்லை.
உட்கார்ந்தான்.
‘உங்க வீட்டுக்காரர் பேரு ராமையன்தானேம்மா?’
‘ஆமா.’
‘இறந்துட்டாரும்மா.’
அதற்குமேல் பேசவில்லை.
மின்விசிறி ஒரு பக்கமாகத் தட்டிக்கொண்டே சுற்றியது.

அட்டையில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.
ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியாது.
‘சாப்பிட்டாரா?’

‘தெரியலம்மா. கேட்டுட்டு வரேன்.’
எழுந்து வெளியே போனான்.

வெளியே வார்டு இல்லை. நர்ஸ் இல்லை.
பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன்,
உதட்டுக்குள் பாடம் சொல்லிப் பார்க்கிற
பத்தாவதும் பதினொன்றாவதும்.
யாரிடம் கேட்டானோ.
மணியடிக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தான்.
‘யாருக்கும் தெரியலம்மா.’
என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

எட்டு நிமிடம் தாண்டியதற்காக
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதிப்பெண் குறைத்தார்கள்.
என்னிடம் கொடுத்த தாளில்
கண்ணைப் பார்த்தாரா, எளிய சொல்லில் சொன்னாரா,
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாரா.
கடைசியில் ‘வேறு ஏதேனும்’ என்று ஒரு கோடு.
‘போய்க் கேட்டார்’ என்று எழுதினேன்.
கையெழுத்து கோணிவிட்டது.

பத்தும் பதினொன்றும் நன்றாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் வாசலில் குஞ்சிதபாதம்,
வண்டியை நிறுத்தாமல், ஒரு காலை ஊன்றியபடி.
‘இன்னிக்கு என்ன வியாதி?’
வியாழக்கிழமைக் கிண்டல்.
‘எனக்கு ஒண்ணுமில்ல.’
‘அப்ப எதுக்கு நானூறு குடுத்தான்?’
‘மத்தியானம் சாப்பிட்டீங்களா?’
‘ரெண்டு புரோட்டா. ஏன்?’

ஓடம்போக்கியில் தண்ணீர் வந்திருந்தது,
ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு.
பாலம் ஏறும்போது, ‘விடு, சட்டை கிழியப்போவுது,
இப்படியா பிடிப்பே’ என்றார்.
கிழிஞ்சா தைச்சுக்கலாம் என்றேன்.