நூற்றிருபது சொல்

லண்டனிலிருந்து வந்த செய்தி ஆயிரத்து நூறு சொல்.
ஆறாம் பக்கத்தில் எனக்கு மிச்சமிருப்பது
நூற்றிருபது.
படம் போட்டால் தொண்ணூறு.

லெஸ்லி பென்ரித், வயது தொண்ணூற்று நான்கு.
ஹார்ஸ்டன் தொகுதியில் பதினோரு தேர்தல்,
நாற்பத்தொரு வருடம் அதே பச்சை இருக்கை.
ஒருமுறை முப்பத்தேழு வாக்கில் தப்பித்தார்.
மூன்று தடவை எண்ணினார்களாம், விடியும்வரை,
ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கோடுகள் மேல்.
அந்த வரி எனக்குப் பிடித்தது.
வெட்டினேன்.

கொஞ்ச காலம் கட்சிக் கொறடா.
கொறடா என்று தட்டும்போது
எனக்குக் குறடு ஞாபகம் வந்துவிடுகிறது.
செம்பவாங் கடற்படைத் தளம், எட்டாம் எண் கிடங்கு.
அப்பா பெட்டிகளின் ஆணியைக் குறட்டால் பிடுங்கி
தட்டி நிமிர்த்தி
அளவுவாரியாக டப்பாவில் போடுவார்.
பெட்டி, ஆணி, டப்பா எல்லாம் அரசியாருடையவை.

அறுபத்தெட்டில் பென்ரித் இங்கே வந்தார்.
அமைச்சர் என்றார்கள். முழு அமைச்சர் இல்லை,
பக்கத்து நாற்காலி. அதுவும் பதினான்கு மாதம்.
பட்டறை வாசலில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று
யாரையும் கைவிட மாட்டோம் என்றார்.
நல்ல வெயில். மைக் கிடையாது.
முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சொல்ல,
ஆங்கிலம் மலையாளமாகி, மலாயாகி, தமிழாகி,
கடைசி வரிசைக்கு வந்தபோது
சம்பளம் கூடப்போகிறது என்றாகிவிட்டது.
அப்பா கடைசி வரிசை.

எழுபத்தொன்றில் ஆட்குறைப்பு.
பத்தொன்பது வருடத்தைப் பதினேழு என்று போட்டு
பணிக்கொடை கொடுத்தார்கள்.
வே. வைரக்கண்ணு, கிடங்கு உதவியாளர்,
யூனியன் கிளார்க்குக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து
ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார்.
பென்ரித், பாராளுமன்றம், லண்டன்.
அவ்வளவுதான் விலாசம்.
மிச்சம் தபால்காரனுக்குத் தெரியும் என்றார்.

தெரிந்திருக்கிறது. ஏழு மாதத்தில் பதில் வந்தது.
ஆட்சி மாறி எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர்
தன் தொகுதியில் வாக்கே இல்லாத ஒருவரின்
இரண்டு வருடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார்.
பதில் சாதகமாக இல்லை. வருந்துகிறேன்.
மையில் கையெழுத்து. மேலே கோப்பு எண்:
நாலு நாலு ஒண்ணு ஏழு.

தளத்தை மூடும் வாக்கெடுப்புக்கு
வீடு வீடாகத் தொலைபேசி அடித்து ஆள் திரட்டியதும் இவர்தான்.
ஏழாவது பத்தியில் இருக்கிறது.
அப்பாவுக்கு அது தெரியாமலே போனது.

பிறகு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்கு இரவுக் காவல்.
கடிதத்தை அவர் சட்டம் போட்டு மாட்டவில்லை,
கிழிக்கவும் இல்லை.
கோப்பு எண்ணை நாலு நம்பரில் கட்டினார்,
வாரம் ஒரு வெள்ளி, சாகும்வரை.
ஒருமுறை நாலு நாலு ஏழு ஒண்ணுக்கு
மூன்றாம் பரிசு விழுந்தது.
வெள்ளைக்காரனை அவர் வாய்விட்டுத் திட்டியது
அன்றைக்கு மட்டும்தான்.

“சிங்கப்பூர்த் தொடர்பு ஏதாவது?”
ஆசிரியர் ஜுனைதா மேசைக்கு அப்பாலிருந்து கேட்கிறார்.
அறுபத்தெட்டில் வந்து போயிருக்கிறார் என்றேன்.
“ஒரு வரி சேர்.”
சேர்த்தேன். ஆறு சொல்.
அதற்காக அவருடைய தேனீக்களை எடுத்தேன்,
பிரபு பட்டத்தை எடுத்தேன்,
இரண்டாம் மனைவியையும்.

பதினொன்றுக்குப் பக்கம் போகவேண்டும்.
அவருக்குக் கீழே, கட்டத்துக்குள், இன்றைய எண்கள்.
முதல் பரிசு, இரண்டு, மூன்று,
தொடக்கப் பரிசு பத்து, ஆறுதல் பரிசு பத்து.
பிழை பார்ப்பதுபோல் விரல் வைத்து
ஒவ்வொன்றாகப் படித்தேன்.

இல்லை.

அனுப்பினேன்.