கட்டைவிரல்

கவ்தாங் துறையில் படகைப் பார்த்ததும்
திரும்பிவிடலாமா என்றிருந்தது.
முன்பு நண்டு ஏற்றிய மரப்படகு.
பச்சைச் சாயத்துக்குக் கீழே பழைய நீலம்,
அதற்கும் கீழே நண்டு வாசம்.
அறை என்றார்கள். ஒரு பலகை, ஒரு கொசுவலை.
ஆளுக்கு, நாளைக்கு, இரண்டு வாளி நல்லதண்ணீர்.

சமையல் செய்யது காதர்.
முகத்தைப் பார்த்ததும் தமிழில் கேட்டார்:
"மீன் தின்பீங்களா அக்கா,
இல்ல, பாக்க மட்டுந்தானா?"

மருந்துக்கடைக்காரி நான்.
யாங்கூனில் பதினோரு வருஷம்
ஒரே கல்லாப்பெட்டிக்குப் பின்னால்.
பெயர் மீனலோசனி.
கண்ணுக்கு மைனஸ் நாலரை.
கண்ணாடியைக் கழற்றி முகமூடி மாட்டினால்
கைநீளத்துக்கு அப்பால் எல்லாம் கஞ்சி.

"தண்ணீருக்குள் எதுவும் பெரிதாகத் தெரியும்"
என்றான் சா லேர், கரேன் பையன், வழிகாட்டி,
சிலிண்டர் வாரை என் தோளில் இறுக்கியபடி.
பாதி உண்மை.
மங்கலும் பெரிதாகத்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் பவளத்தைச் சுற்றி அறுந்த வலை.
அதைச் சா லேர் கத்தியால் அறுத்துக்கொண்டிருக்கையில்
எங்கோ தொலைவில் ஒரு வெடி.
காதில் அல்ல, விலாவில் கேட்டது.
மேலே வந்தபின் யாரும் அதைப் பேசவில்லை.
பலாச்சுளை சாப்பிட்டோம்.
ராத்திரி தொடுவானம் நெடுகக் கணவாய்ப் படகுகள்,
பச்சை விளக்குகள்,
ஆளில்லாத ஊரின் கடைத்தெரு மாதிரி.

நாலாம் நாள், கரும்பாறை.
இருபத்திரண்டு மீட்டர்.
நீரோட்டம் இழுக்க, பாறையில் ஒரு கை.
கடை வாசலில் யாரோ வந்து நின்று
வெளிச்சத்தை மறைப்பார்களே,
அப்படித்தான் முதலில் இருட்டியது.
என்ன வேணும் என்று கேட்கப் போனேன்,
வாயில் ரெகுலேட்டர்.

கொம்புத் திருக்கை.
கஞ்சியிலிருந்து கைநீளத்துக்குள் வந்தது.
வெள்ளை வயிறு, அதில் மைக்கறை போல் மூன்று புள்ளி,
செவுள் பிளவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்து மூட,
அவசரமே இல்லாமல்
தலைக்கு மேல் போனது. போய்க்கொண்டே இருந்தது.

சந்தோஷம் தாங்காமல்
சா லேரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அவன் முகம் மாறியது.
அதே விரலை எனக்குத் திருப்பிக் காட்டி
என் புயத்தைப் பிடித்து ஏற்றத் தொடங்கினான்.
இல்லை இல்லை என்று தலையாட்டினேன்.
குமிழிதான் அதிகமாக வந்தது.
பிடி இன்னும் இறுகியது.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிறுத்தம்.
அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.
எங்களுக்குக் கீழே அது
பதினொரு சுற்று சுற்றியதாம்,
மற்றவர்கள் பிறகு எண்ணிச் சொன்னார்கள்.
நான் பார்த்தது நீலம், அதில் என் துடுப்புக்கால்.

"என்ன ஆச்சு?" மேலே வந்ததும் கேட்டான்.
"ஒன்றுமில்லை. நல்லா இருந்தது."
செய்யது காதர் சிரித்த சிரிப்பில்
சோற்றுப்பானை மூடி உருண்டு கடலில் விழுந்தது.
சா லேர் சிரிக்கவில்லை.
"கீழே அந்த விரலுக்கு ஒரே அர்த்தம்.
ஏன் என்று அங்கே கேட்க முடியாது.
ஏற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும்."

அன்றிரவு இரண்டாவது வாளியில் தலை அலசினேன்.
உப்பு போகவில்லை.
சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் சேர்த்து
வட்டம் பிடித்துப் பழகினேன்:
நலம், நலம், நலம்.

"குழம்புல உப்பு சரியா அக்கா?"
அடுப்பு ஓரத்திலிருந்து குரல்.
இருட்டில் கையை உயர்த்தி வட்டம் காட்டினேன்.

மறுபடி கேட்டார்.