கேள்வி பதினான்கு

பகாவ் பட்டணத்தில், டயர் கடைக்கு மேலே எங்கள் வகுப்பறை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம்
இரைந்து அடங்கும்வரை யாரும் பேசமாட்டோம்.
அது பழக்கமாகிவிட்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஹனிசா வந்திருந்தாள்:
ஒரு பெட்டி பென்சில், இரண்டு பொட்டலம் கறிபாப், நாற்பது படிவங்கள்.
மலாயைத் தமிழாக்க நான்.
செம்பனை லோரிக்காரர் மகள்,
சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தவள்.

நெடுநாள் மோதலால் பாதிக்கப்பட்ட சமூகங்களில்
கல்வி ஆய்வின் முன்னுரிமைகள்.
தலைப்பை மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். கடைசியில்,
'பிள்ளைங்க படிப்பப் பத்தி
எத மொதல்ல ஆராயணும்னு கேக்குறாங்க, அக்கா.'

நிதர்சினி சிரித்துவிட்டாள்.
'இவ்வளவு நாளும் எங்களிட்ட
ஆர் கேட்டவை?'

பதினான்காம் கேள்வி: கடைசியாகப் படித்த பள்ளி.
அதற்கு ஒரே ஒரு கோடு,
சுண்டுவிரல் நீளம்.

கீர்த்திகனுக்குப் பன்னிரண்டு வயது.
மல்லாவி என்று எழுதினான்.
பிறகு தருமபுரம்.
உடையார்கட்டில் பதினொரு நாள்.
மாத்தளனில் பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் ஒருத்தர்
மணலில் விரலால் வகுத்தல் கணக்குப் போட்டுக் காட்டினவர்,
அதையும் எழுதலாமோ என்றான்.
'சேர்' என்றேன்.
'ஓம், சேர்தான்' என்றான்,
அந்த வாத்தியாரைக் கேட்கிறேன் என்று நினைத்து.

முகாமில் கூடாரம்; எண் உண்டு, பெயர் கிடையாது.
எழுத்து கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஏறி
அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்ற
கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது.

கணினியில் ஒன்றுதான் ஏறும் என்றாள் ஹனிசா.
சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கியது.

அப்போது ஆலையில் பன்னிரண்டு மணிச் சங்கு.
அராகானிலிருந்து வந்த சின்னவள் நூர் கைதா
மேசைக்கடியில் போய்விட்டாள்.
கீர்த்திகன் நிமிராமலே
அவள் படிவத்தையும் பென்சிலையும் கீழே நீட்டினான்.
கறிபாப்பில் பாதியையும்.
சங்கு ஓய்ந்த பிறகும் அவள் அங்கிருந்தே எழுதினாள்.
இதற்குக் கேள்வி இருக்கிறதா என்று
முப்பத்தோரு கேள்விகளையும் புரட்டினேன்.
இல்லை.

ஹனிசா வெகுநேரம் பேசவில்லை.
மூன்று மணி சிரம்பான் பஸ்ஸை விட்டுவிட்டாள்.
பிறகு மெதுவாக என்னிடம்,
'மணலில் போட்ட கணக்கு,
அதில் மீதி எவ்வளவு என்று கேளேன்.'

கேட்டேன்.
'முடிக்கேல்லை' என்றான். 'ஓடினனாங்கள்.'

எழுந்து போய் வெள்ளைப் பலகையில்
845 என்று எழுதி, இடப்பக்கம் ஒரு ஆறு போட்டான்.
கீழே இயந்திரம் மறுபடி இரையத் தொடங்கியது.
ஹனிசா படிவத்தைத் திருப்பி
வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தாள்.
இரைச்சல் அடங்கட்டும் என்று
எல்லோரும் காத்திருந்தோம்.