பதினோரு நிமிடம்

யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியில்
இருபது நிமிடம் என்று அச்சடித்திருக்கிறது.
கல்யாணத் தரகர் காட்டும் புகைப்படம் மாதிரி
அதை நம்பக் கூடாது.
மூன்று வருடம் உழைத்த பேட்டரி,
பாயான் லெப்பாஸ் மாலை வெயில் முட்டும் சுவர்,
எல்லாவற்றையும் கழித்துப்
பதினொன்று என எழுதினேன்.
"போதுமா, தமயந்தி?" என்றார் மிஸ்டர் கூய்.
ஒரு கோப்பி ஓ ஆறுவதற்குப் போதும்.
அதைச் சொல்லவில்லை.

கீழே, கார்கள் நிற்குமிடத்தில் ஜெனரேட்டர்.
வெள்ளம் வந்த வருடம் முழங்கால்வரை நனைந்தது.
இப்போது சிமெண்டு மேடை கட்டி
ஏற்றி வைத்திருக்கிறோம், சாமி இல்லாத பீடத்தில்.
மறுபக்கம் சூராவ்.
"வெள்ளிக்கிழமை மட்டும் சோதிச்சுப் பார்க்காதீங்க கா," என்றான் அஸ்லான்.
புதன், மூன்று மணி என்று குறித்தேன்.

டீசல் இருநூறு லிட்டர்.
மணிக்குப் பதினெட்டு குடிக்கும்.
அங்கேயும் பதினொன்று, இம்முறை மணிக்கணக்கில்.
அதற்குப் பிறகு பட்டர்வொர்த்திலிருந்து ஆ ஹோக்கின் லாரி.
"பாலத்துல ஜேம்னா நான் என்ன செய்ய முடியும் லா?"
ஆபத்துகள் பட்டியலில்
இடிக்கும் எலிக்கும் நடுவே
பாலம் என்று சேர்த்தேன்.

பிறகுதான் அந்தப் பக்கம் வந்தது:
எதை முதலில் அணைப்பது.

பிள்ளையை அணைப்பதற்கும் விளக்கை அணைப்பதற்கும்
எனக்கு ஒரே சொல்தான்.
கூய்க்கு அந்தத் தொல்லை இல்லை.
முதல் நிமிடம், பயிற்சி சர்வர். யாரும் தேட மாட்டார்கள்.
இரண்டாவது, பழைய மின்னஞ்சல்கள்.
சம்பளக் கணக்கு, இருபத்தைந்தாம் தேதிக்கு முன் என்றால் கடைசி,
பின் என்றால் முதல்.
சரக்குப் பதிவு எட்டாவது நிமிடம்வரை நிற்கட்டும்.
துறைமுகத்தில் எவனோ ஒருவன்
உறைந்த இறால் பெட்டியின் எண்ணைக் கேட்டுக்கொண்டு
வெயிலில் நிற்பான்.

கூட்டினேன். இடித்தது.
மீட்டர் நூற்றெழுபது வாட் கூடுதலாகக் காட்டியது.
மறுபடி கூட்டினேன், பேனாவை மாற்றிக்கூடப் பார்த்தேன்.
சிவப்பு சாக்கெட்டுகளின் வயரைப் பிடித்துக்கொண்டு
மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தேன்.
தூசி, ஒற்றைச் செருப்பு, காய்ந்த கறிவேப்பிலை,
கணக்குப் பிரிவு தாண்டி
கூய் அறைக்குள் போய் முடிந்தது வயர்.

ஆறடித் தொட்டி.
அரோவானா.
வரி அதிகாரியைப் பார்ப்பதுபோல்
அசையாமல் என்னைப் பார்த்தது.
பம்பு, வடிகட்டி, ஒரு நீல விளக்கு.
எங்கள் பதினொன்றில்
ஒன்றரை நிமிடத்தைச் சத்தமில்லாமல் தின்றிருக்கிறது.

கூய் நெடுநேரம் பேசவில்லை.
"இது வந்த மாசம்தான் ஜப்பான்காரன் கையெழுத்துப் போட்டான்," என்றார்.
பிறகு, தயங்கி,
"விளக்கை மட்டும் எடுத்துட்டா?"

அடுத்த வியாழன், நாலு மணி பன்னிரண்டு.
இடி. பிறகு எல்லா மின்விசிறிகளும்
ஒன்றாக மூச்சு விட்டன.
புதன்கிழமைகளில் ஒழுங்காகப் பாடும் ஜெனரேட்டர்
இருமியது, இருமியது, நின்றது.
கீழே அஸ்லான் ஓடும் சத்தம் படிக்கட்டில்.
நான் தாளைப் பார்த்தே அணைத்தேன்.
பயிற்சி. மின்னஞ்சல்.
தேதி இருபத்தெட்டு, ஆகவே சம்பளம்.
ஏழாவது நிமிடம், இறால் பெட்டியின்மேல் விரலை வைத்துக்கொண்டு
காத்திருந்தபோது
தரை அதிர்ந்தது. டீசல் வாடை.

அந்த இருட்டில், அதற்குச் சற்று முன்,
கூய் அறையிலிருந்து கேட்டது
குமிழிகளின் சத்தம்.
ஜெலுத்தோங் கடையில் முப்பத்தைந்து வெள்ளி,
யாரிடமும் சொல்லாமல் அவரே வாங்கியிருந்தார்.

திட்டத்தைத் திருத்தி அனுப்பினேன். கடைசி வரி:
மீன், தனிப் பம்பு.
பெரிய பேட்டரி இரண்டு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும்.
பொறுப்பு, நிர்வாக இயக்குநர்.